ஆயிஷா உம்மா வீட்டு எரிமலை

எரிமலை நன்றாகத்தான் கக்கியது. ஆனால் அது கக்கியது புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் றாஸிக்கின் மச்சினி நப்லாவைப் பெண் பார்க்க அக்கரைப்பற்றிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஹோலில் பெயின்ட் மணம்கூட இன்னும் அடங்கவில்லை. அந்த வெள்ளைச் சுவரின் நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்கு மஞ்சள் திட்டு. அதிலிருந்து நாலைந்து கோடுகள் ஒழுகி நிலத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன.

"வாப்பா, சுவரு மஞ்சளாப் பெய்த்து," என்றாள் மகள் மின்ஹா. நாலு வயது.

"சத்தம் போடாத மகள். இதுக்குப் பேரு இரசாயனத் தாக்கம்," என்றான் றாஸிக்.

"நான் ஊத்தட்டா?"

"நீ தொடாத. இது விஞ்ஞானம்."

றாஸிக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்தவன். பெறுபேறு வந்த அன்றே விஞ்ஞானம் அவனைக் கைவிட்டுவிட்டது. மறுமுறை எழுதினான், மறுமுறையும் கைவிட்டது. மானமுள்ள மனிதன் என்றால் அத்தோடு விட்டிருப்பான். றாஸிக் ஒரு கந்தோரில் கோவை புரட்டுகிற உத்தியோகத்துக்குப் போன பிறகும், தான் ஒரு விஞ்ஞானி, ஏதோ நசீப் இப்படிக் கந்தோரில் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தான். லீவு நாள் வந்தால் அந்த விஞ்ஞானி விழித்துக்கொள்வார். வீட்டில் உள்ளவர்கள் சாமான்களை எடுத்து ஒளித்து வைப்பார்கள்.

இன்றைய கூத்துக்குக் காரணம் மின்ஹாவின் நேர்சரி. வாட்ஸ்அப் குழுவில் விதுஷா டீச்சர் ஒரு செய்தி போட்டிருந்தார். ஒரு பேசினில் தண்ணீர் எடுங்கள். கரண்டி, இலை, மூடி என்று வீட்டில் கிடைக்கிற சாமான்களைப் பிள்ளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கட்டும். எது மிதக்கும், எது தாழும் என்று பிள்ளையே சொல்லட்டும். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் போதும். வீடியோவை இன்றைக்குள் குழுவில் போடவும். அவ்வளவுதான் செய்தி.

ஒரு பேசின், ஒரு குடம் தண்ணீர். அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை. புத்தியுள்ளவன் செய்துபோட்டு ஒரு தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்திருப்பான்.

"மிதக்குறதும் தாழுறதும்," என்று றாஸிக் மூக்கைச் சுளித்தான். "இதெல்லாம் ஒரு விஞ்ஞானமா? இதுக்கா மாசா மாசம் காசு கட்டி அனுப்புற?"

அதோடாவது இருந்திருப்பான். அதற்குள் ஜதுசன் என்ற பையனின் அப்பா ஒரு வீடியோ போட்டுவிட்டார். உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்தது. குழு முழுக்க இதயமும் கைதட்டலுமாக விழுந்தது. ஒரு தாய், "உங்களைப் போல அப்பா கிடைக்க அவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்றுகூட எழுதியிருந்தார். றாஸிக்கின் இரத்தம் கொதித்தது. உயிரியல் படித்தவன் இருக்க, முட்டையை மிதக்கவிட்டவனுக்குக் கைதட்டலா?

அப்படிப் பிறந்ததுதான் எரிமலை. போத்தலுக்குள் அப்பச்சோடா, அதன்மேல் வினாகிரி, நிறத்துக்குக் குசினியில் இருந்த மஞ்சள் தூளில் பாதி. போனில் தேடிப் பார்த்த வீடியோவில் எரிமலை சும்மா நுரைத்து வழிந்தது. றாஸிக்குக்கு அது போதவில்லை. போத்தலின் வாயை உள்ளங்கையால் பொத்திப் பிடித்து, நன்றாகக் குலுக்கி, கையை எடுத்தான். எடுத்த பக்கம் சுவர் இருந்தது.

கல்முனைப் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பவர். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதைவிடச் சுவரைப் பார்ப்பது அதிகம். கூரையைப் பார்ப்பார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள், நிலத்தில் பதித்த ஓடுகளை மிதித்துப் பார்ப்பார்கள். கடைசியில் நேரம் இருந்தால் பெண்ணையும் பார்ப்பார்கள். நப்லாவுக்கு வந்த ஒரு சம்பந்தம் வீடு காணாது, சின்னது என்று போனது. இன்னொன்று காரணம் சொல்லாமலே போனது. அதற்குப் பிறகு மாமி ஆயிஷா உம்மா உள்ளதையெல்லாம் போட்டு மேல்மாடி கட்டத் தொடங்கினார். கீழ்வீடு மூத்தவள் ஸப்னாவுக்கு, அதாவது றாஸிக்கின் பெண்சாதிக்கு. மேல்மாடி நப்லாவுக்கு. இதுவும் தவறினால் இனி ஒருத்தரும் படலையைத் திறக்க மாட்டார்கள் என்று மாமி ஒரு கிழமையாகச் சாப்பாடு இறங்காமல் இருந்தார்.

"மச்சான்," என்று காலையில் நப்லா வந்து கெஞ்சியிருந்தாள். "இண்டைக்கு ஒரு நாளைக்கு நீங்க ஒண்டும் செய்யாம இரிங்க. எனக்கு அது மட்டும் காணும்."

"நான் இரிக்கன், நீ பயப்படாத," என்று றாஸிக் சொல்லியிருந்தான். நப்லா பயப்பட்டது அதற்குத்தான்.

சத்தம் கேட்டு மாமி குசினியிலிருந்து வந்தார். சுவரைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். மருமகனைப் பார்க்கவில்லை. மருமகனை முகத்துக்கு நேரே ஏசுவது அவருடைய பரம்பரையில் இல்லாத பழக்கம். வாசற்படியில் பூனை ஒன்று படுத்திருந்தது. மாமி அதன் பக்கம் திரும்பினார்.

"ஏ பூனை, உனக்கு அறிவு எண்டு ஒண்டு இரிக்கா? ஊட்டுக்கு ஆக்கள் வாற நாளையில இந்த வேலை பார்க்கிறயே. தின்னுறதும் படுக்கிறதுமா இருந்தா காணாதா உனக்கு? உன்னைக் கொண்டுபோய்ச் சவளக்கடை ஊர்ப்பக்கம் விட்டாத்தான் இந்த ஊடு உருப்படும்."

பூனை ஒரு கண்ணைத் திறந்து மூடியது. கலியாணம் முடித்து றாஸிக் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதற்கு விழுந்த ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்லை.

"நான் சுத்தம் பண்ணிடுறன்," என்றான் றாஸிக், யாருக்கும் சொல்லாததுபோல.

"நீங்க தொடாதீங்க," என்று ஸப்னா குசினியிலிருந்து கத்தினாள். அவள் கையில் இடியப்ப மா. வட்டிலப்பம் வேறு அடுப்பில். அவளால் வர முடியவில்லை, அதுதான் தப்பாகப் போய்விட்டது.

றாஸிக் வாளியில் வோஷிங் பவுடரைக் கரைத்து, துணியை நனைத்து, மஞ்சள் திட்டில் ஒரு தேய் தேய்த்தான்.

மஞ்சள் சிவப்பாக மாறியது. சாதாரணச் சிவப்பு இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அந்தச் சுவரில் சாய்த்து வைத்து மாடு அறுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

"வாப்பா, இரத்தம்," என்றாள் மின்ஹா.

றாஸிக் துணியைக் கீழே போட்டுவிட்டு போனில் தேடினான். தேடி வாசித்ததும் அவன் முகம் மலர்ந்தது. வேறு ஆள் என்றால் அழுதிருப்பான்.

"ஸப்னா, இஞ்ச வந்து பாருங்க. மஞ்சள் ஒரு நிறங்காட்டியாம். சவர்க்காரம் பட்டாச் சிவக்கும், வினாகிரி பட்டாத் திரும்ப மஞ்சளாகும். பாத்தீங்களா, இதுதான் உண்மையான செயற்பாடு. முட்டையை மிதக்கவிட்டு என்ன பிரயோசனம்?"

"அந்தச் சுவரை முதல்ல வெள்ளையாக்குங்க," என்றது குசினி.

வெள்ளையாக்குவதை அவன் மறந்தே போய்விட்டான். வினாகிரி பூசினான், மஞ்சள் ஆனது. பவுடர் பூசினான், சிவப்பு ஆனது. போனை மின்ஹாவின் கையில் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னான். மின்ஹா தன் கால்விரல்களை எடுத்தாள். திரும்பவும் மஞ்சள், திரும்பவும் சிவப்பு. இப்படித் தேய்த்துத் தேய்த்துப் பெயின்ட் முழுக்கத் துணியோடு வந்துவிட்டது. உள்ளேயிருந்த புட்டி உதிர்ந்தது. கடைசியில் சுவரில் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை, சீமெந்து தெரிந்தது. ஹோல் முழுக்க ஊறுகாய்ப் போத்தலுக்குள் தலையை விட்டதுபோல வினாகிரி மணம்.

மாமி வந்து பார்த்தார். பூனைக்கு இன்னொரு தவணை கிடைத்தது. இந்தத் தடவை அதன் உம்மா வாப்பாவையும் சேர்த்துக் கேட்டார்.

"ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்," என்றான் றாஸிக். "சோகேஸைத் தள்ளி மறைச்சா முடிஞ்சுது."

கோப்பை பீங்கான் வைத்த கண்ணாடி சோகேஸ் எதிர்ச் சுவரில் இருந்தது. றாஸிக்கும், அழவா ஏசவா என்று தெரியாமல் நின்ற நப்லாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். இரண்டு கோப்பை போனது. சீமெந்துக் காயம் மறைந்தது. றாஸிக் கையைத் தட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

எதிர்ச் சுவரில், சோகேஸ் இருந்த இடத்தில், பச்சை. பழைய பாசிப் பச்சைப் பெயின்ட், சோகேஸின் அளவுக்கு, கதவு போல நீளமாக நின்றது.

"அதுக்குப் பின்னால பெயின்ட் அடிக்கல்லயா?" என்று நப்லா கேட்டாள்.

அடிக்கவில்லை. பெயின்ட்காரன் சோகேஸை நகர்த்த ஆள் கேட்டபோது, "பின்னால யாரு பார்க்கிற, அப்பிடியே சுத்தி அடிங்க" என்று சொன்னவன் றாஸிக்தான். அன்றைக்கும் அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்றே நினைத்திருந்தான்.

நப்லா நிலத்தில் இருந்துவிட்டாள். "எனக்கு இனிக் கலியாணமே வேணாம் மச்சான். நான் இப்பிடியே இரிந்துட்டுப் போறன்."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து றாஸிக்குக்கு உண்மையிலேயே நெஞ்சு இடித்தது. அந்த அளவுக்கு அவன் கல்நெஞ்சன் இல்லை. மூளைதான் கொஞ்சம் அப்படி.

"அழாத நப்லா, என்னட்ட ஒரு சாமான் இரிக்கி," என்று சொல்லிவிட்டு அறைக்குள் ஓடினான். கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு நீளச் சுருளை இழுத்து வந்தான். உயர்தரக் காலத்தில் வாங்கிப் பத்திரப்படுத்தியது. விரித்து மாட்டியபோது பச்சைச் சுவரை அது அச்சொட்டாக மறைத்தது. ஆள் உயர மனித எலும்புக்கூடு, தலையோட்டிலிருந்து கால்விரல் வரை, எலும்புக்கு எலும்பு பெயர் எழுதி, பல்லைக் காட்டிக்கொண்டு.

"படிச்ச குடும்பம் எண்டு நினைப்பாங்க," என்றான்.

மாமி அதைப் பார்த்தார். பூனையைத் தேடினார். அது நிலைமை விளங்கி வளவுக்குள் இறங்கிவிட்டிருந்தது.

வினாகிரி மணத்துக்குச் சாம்பிராணி போட்டார்கள். றாஸிக் தன் கையாலே அள்ளிப் போட்டான். இப்போது எலும்புக்கூடு புகைக்குள் நின்று சிரித்தது. ஜன்னலைத் திறக்கலாம் என்றால் சோகேஸ் ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

முதலில் தரகர் கச்சிமுகம்மது வந்தார். பின்னால் மாப்பிள்ளையின் வாப்பா அச்சிமுகம்மது ஹாஜியார், அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் உம்மா சுஹறா. மாப்பிள்ளை வரவில்லை, அவர் வருவது வழக்கமும் இல்லை. இரண்டு பேரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தார்கள். இருமினார்கள். எலும்புக்கூட்டைக் கண்டார்கள். ஹாஜியார் பழக்கதோஷத்தில் அதற்கும் சேர்த்து ஸலாம் சொல்லிவிட்டார்.

"இருங்க, இருங்க," என்று றாஸிக் கதிரைகளை இழுத்துப் போட்டான். ஹாஜியார் சாவி வளையத்தில் மாட்டிய கார்த் திறப்பை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, சோகேஸுக்கு முதுகைக் காட்டி இருந்தார். சுஹறா அவருக்கு எதிரே.

"மகன் மிஹ்லார் என்ன செய்றார்?" என்று றாஸிக் குடும்பத்தின் ஆண்பிள்ளை என்ற தோரணையில் ஆரம்பித்தான்.

"அரசாங்கத் தொழில்தான்," என்றார் கச்சிமுகம்மது முந்திக்கொண்டு. "சும்மா இருக்கிற பிள்ளை இல்ல. லீவு நாளிலயும் ஏதாவது செஞ்சுக்கிட்டே இருப்பார்."

"அது நல்ல பழக்கம். நானும் அப்பிடித்தான்," என்றான் றாஸிக்.

சுஹறா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார், சோகேஸுக்குக் கீழே நிலத்தில் எட்டிப்பார்த்த சிவப்பு ஒழுக்குகளைப் பார்த்தார். அப்படியே மேலே பார்த்தவரின் பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

சோகேஸின் உச்சியில் ஐந்து விரல்கள் எழும்பிக்கொண்டிருந்தன.

எரிமலைக்கு முன்பே றாஸிக் இன்னொரு வேலை பார்த்து வைத்திருந்தான். ஒரு போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர், சீனி, பாணுக்குப் போடுகிற ஈஸ்ட், வாயில் ஒரு இறப்பர்க் கையுறை. காற்று நிறைந்து கை எழும்பும், பிள்ளை பார்த்துக் கைதட்டும் என்பது ஏற்பாடு. மின்ஹா தொடுவாள் என்று அதைச் சோகேஸின் மேல் வைத்தவன், எரிமலையோடு அதை மறந்தே போனான். சோகேஸைத் தள்ளியபோதும் அது விழாமல் உச்சியிலேயே நின்றிருக்கிறது. கல்முனை வெயிலுக்கு ஈஸ்ட் தன் வேலையைக் குறைவில்லாமல் பார்த்திருந்தது.

வெள்ளைக் கை மெல்ல மெல்ல நிமிர்ந்தது. ஹாஜியாரின் தொப்பிக்கு மேலே நின்று இலேசாக ஆடியது.

"அது என்ன, எங்களைப் போகச் சொல்லுதா?" என்று சுஹறா கேட்டார்.

றாஸிக் பாய்ந்தான். பாய்ந்தவன் பக்கத்தில் வட்டிலப்பத் தட்டோடு வந்த ஸப்னாவை இடித்தான். ஸப்னா சோகேஸில் சாய்ந்தாள். போத்தல் ஆடியது. கையுறை "டப்" என்று கழன்று பறந்துபோய் எலும்புக்கூட்டின் தோளில் தொங்கியது. புளித்த நுரை முழுவதும் ஹாஜியாரின் தொப்பியில் இறங்கி, தாடி வழியாக மடிக்கு வந்தது.

கச்சிமுகம்மது கண்ணை மூடிக்கொண்டார்.

மாமி எழுந்தார். மருமகனின் பக்கம் அவருடைய முகம் பாதி திரும்பியது, பிறகு பிடித்து இழுத்ததுபோல வாசல் பக்கம் போனது. வளவில், மாமரத்துக்குக் கீழே, பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏ பூனை," என்று மாமி கூப்பிட்டார். "உன்னைப் பெத்தவங்க உன்னைப் பெத்தாங்களா, வாங்கினாங்களா? ஆக்களுக்கு முன்னால என்ட மானத்தை வாங்கிட்டயே. என்ட புள்ளைட வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டயே. உனக்கு நாளைக்கே இந்த ஊட்டை விட்டு வெளிக்கிட வழியைப் பாக்கிறன்."

ஹாஜியார் நுரையைத் துடைத்துக்கொண்டே தூங்குகிற பூனையைப் பார்த்தார். சுஹறாவும் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுஹறா மெதுவாக ஸப்னாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். "மகள், இவர் அடிக்கடி இப்பிடியா?"

ஸப்னாவுக்குப் பொய் சொல்ல வராது. "லீவு நாளில."

"உம்மா இவரை ஏசுறல்லயா?"

"ஒரு நாளும் ஏசினல்ல."

"சோறு?"

"அது நேரத்துக்குப் போடுவா. மீன் தலையும் அவருக்குத்தான்."

சுஹறா தலையை ஆட்டினார். "நாங்க வெளிக்கிடுவம்," என்றார் ஹாஜியார். பெண்ணைப் பார்க்கவேயில்லை. கச்சிமுகம்மது, "பெண்ணை ஒருக்கா..." என்று இழுத்தார். ஒருவரும் கேட்கவில்லை.

வாசலில் செருப்பு இல்லை. ஸ்டூலில் கார்த் திறப்பும் இல்லை.

தேடிப் போனபோது கிணற்றடியில் மின்ஹா இருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பேசின். அதில் அக்கரைப்பற்றிலிருந்து வந்த நாலு செருப்பும் தோணிபோல மிதந்தன. பக்கத்தில் நப்லா சாரியும் பூவுமாகக் கல்லில் குந்திக்கொண்டு போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று பார்த்துக் களைத்துப்போய், பிள்ளையின் வேலையையாவது முடிப்போம் என்று இருந்துவிட்டாள்.

"செருப்பு மிதக்குது," என்று மின்ஹா போனுக்கு அறிவித்தாள். கையைத் தண்ணீருக்குள் விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். "திறப்புத் தாழுது."

ரிமோட் வைத்த திறப்பு. அமத்திப் பார்த்தார்கள். கார் திறக்கவில்லை.

"நான் ஒருக்காப் பார்க்கட்டா? உள்ளுக்கு இரிக்கிற பட்டரியைக் கழட்டி..." என்று றாஸிக் கையை நீட்டினான்.

"வேணாம்," என்று ஹாஜியாரும் சுஹறாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"மகன் மிஹ்லாரை மத்தத் திறப்பைக் கொண்டு வரச் சொல்லுவமா?" என்றார் கச்சிமுகம்மது.

"அவன் இஞ்ச வர வேணாம்," என்றார் சுஹறா அவசரமாக. மாமிக்கு அந்த வார்த்தை நெஞ்சில் குத்தியது. மகன் இந்த வாசலைக்கூட மிதிக்கக் கூடாதாம்.

ஹாஜியாரின் மருமகன் ஒருவர் மோட்டர் சைக்கிளில் திறப்போடு வந்து சேர மஃரிப் ஆகி இருட்டிவிட்டது. அதுவரைக்கும் விருந்தாளிகள் எலும்புக்கூட்டுக்கு எதிரே இருந்து இடியப்பம் சாப்பிட்டார்கள். றாஸிக் இரண்டு தடவை எழுந்து விளக்கம் சொல்லப் பார்த்தான். இரண்டு தடவையும் மாமி வெளியே பார்த்துப் பூனையை ஏசினார். ஒவ்வொரு தடவையும் சுஹறா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஈரச் செருப்பு சளக் சளக் என்று போக, கார் புறப்பட்டது.

நப்லா பூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். மின்ஹாவின் வீடியோவை மட்டும் குழுவில் போட்டிருந்தாள். "மிக அருமை. பிள்ளை முழுவதும் தானே செய்திருக்கிறாள்" என்று விதுஷா டீச்சர் எழுதியிருந்தார். ஜதுசனின் அப்பாவும் கைதட்டியிருந்தார். கீழே றாஸிக், "நன்றி. நான்தான் வழிகாட்டினேன்" என்று பதில் போட்டான். வெட்கம் என்பது சிலருக்கு அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டுக்கு மீன் தலை இல்லை. அப்போதுதான் அவனுக்குக் கொஞ்சம் உறைத்தது. நப்லாவின் அறைக்கு முன்னால் போய் நின்றான். மூடிய கதவைப் பார்த்து மெதுவாகக் கதைத்தான்.

"நப்லா, நான் செஞ்சது பெரிய பிழை. நானே அக்கரைப்பற்றுக்குப் போய்க் காலில விழுந்தாவது கதைக்கன்."

"நீங்க போக வேணாம் மச்சான்," என்றது உள்ளேயிருந்து அழுத குரல். "நீங்க ஒண்டும் செய்யாதீங்க."

ஹோலில் மாமி ஒரு உரச்சாக்கைத் தேடி எடுத்து வைத்திருந்தார். "ஸப்னா, அந்தப் பூனையைப் பிடி. சவளக்கடைக்கு ஒரு உழவு மெசின் போகுதாம், அதில ஏத்தி விடுவம். இதுக்குமேல எனக்கு ஏலா." சொல்லும்போது அவர் கண்ணும் நிறைந்திருந்தது. றாஸிக் சாக்கின் அளவைப் பார்த்தான். அது பூனைக்குக் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிந்தது.

அந்த நேரம் மாமியின் போன் அடித்தது. தரகர் கச்சிமுகம்மது. மாமி ஸ்பீக்கரில் போட்டார். நப்லாவின் அறைக் கதவு விரல் அளவு திறந்தது.

"சொல்லுங்க தம்பி. எனக்குத் தெரியும் என்ன சொல்லப் போறீங்க எண்டு," என்றார் மாமி. "நாங்க ஒண்டும் நினைக்க மாட்டம். பூனை செஞ்ச வேலை."

"அவசரப்படாதீங்க ராத்தா," என்றது போன். "ஹாஜியார்ட பொஞ்சாதி விடியச் சுபஹோட கோல் எடுத்தா. இந்த ஊட்டை விட்டா வேற ஊடே வேணாமாம். நம்மட மிஹ்லார் தம்பிக்கும் உங்கட மருமகன்ட இதே விஞ்ஞான வருத்தம்தானாம், போன பெருநாளைக்குக் குசினிக் கூரையையே பறக்க விட்டவராம், அதாலதான் பாத்த சம்பந்தமெல்லாம் உடைஞ்சதாம். வாற வெள்ளிக்கிழமையே பேசி முடிச்சிடுவமாம், ஆனா ஒரே ஒரு கண்டிசன் ராத்தா, அந்தப் பூனையை மட்டும் ஒருத்தருக்கும் குடுத்துடப் படாதாம்."